இஞ்சி பீர் பாட்டில் உப்பிடுச்சா? சட்டுன்னு மூடியைத் திறக்காதீங்க!

இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், துளி ஈஸ்ட்... ரெண்டு, மூணு நாளில் நுரை பொங்கும் இஞ்சி பீர் ரெடி. ஆனால், பல ரெசிப்பிகள் 20 டிகிரி குளிரில் வாழ்பவர்கள் எழுதியவை. தர்மபுரி மாவட்டம் கம்பைநல்லூரில் சித்திரை வெயிலில் அதே கணக்கைப் பின்பற்றினால், பாட்டில் வெடிக்கக்கூட வாய்ப்பு இருக்கு.

ஏன் இவ்வளவு கேஸ்?

கோடையில் இட்லி மாவு சீக்கிரமே பொங்கி வழியுமே, அதே கதைதான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடையும் ஆல்கஹாலையும் உருவாக்கும். மாவுப் பாத்திரத்தில் வாயு வெளியேறிவிடும். இறுக்கி மூடிய பாட்டிலில் அதற்கு வழியில்லை.

ஒரு லிட்டர் பானத்தில் 4 கிராம் சர்க்கரை புளித்தால், சுமார் ஒரு லிட்டர் வாயு உருவாகும். கடை சோடாவில் இருப்பதே லிட்டருக்கு 3 - 4 லிட்டர் வாயுதான். நீங்கள் போட்ட 100 கிராம் சர்க்கரையும் புளித்தால்? 25 லிட்டருக்கும் மேல்! எந்த பாட்டிலும் அதைத் தாங்காது. போதாததற்கு, சூடு ஏறினால் கரைந்திருக்கும் வாயுவும் வெளியே வந்து அழுத்தத்தைக் கூட்டும்.

உப்பிய பாட்டிலை என்ன செய்வது?

* குலுக்காதீங்க, வெயிலில் வைக்காதீங்க.
* பிளாஸ்டிக் பாட்டில் என்றால் ஃபிரிட்ஜில் ஒரு நாள் வையுங்கள். குளிர்ந்தால் வாயு மீண்டும் பானத்தில் கரையும்.
* பிறகு, சிங்க்கில் வைத்து மூடியை லேசாகத் திருகுங்கள். 'உஸ்ஸ்' சத்தம் வந்ததும் மூடுங்கள். நுரை இறங்கியதும் மறுபடி திருகுங்கள். நாலைந்து முறை பொறுமையாகச் செய்தால் போதும்.
* கண்ணாடி பாட்டிலா? முகத்தை விலக்கி, கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கனமான கிளவுஸ் போடுங்கள். பாட்டிலைத் தடிமனான ஈரத் துண்டால் சுற்றிய பிறகே தொடுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.
* ஏற்கெனவே ஒரு பாட்டில் வெடித்திருந்தால், அதே பேட்சில் உள்ள மற்றவையும் அதே நிலையில்தான் இருக்கும். அறையை மூடிவிட்டு, சூடு குறையும்வரை காத்திருங்கள்.
* ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. உறையும்போது நீர் விரிந்து கண்ணாடி உடையும்.

அடுத்த முறை

கோலி சோடா பாட்டிலைக் கையில் எடுத்திருக்கீங்களா? கண்ணாடி எவ்வளவு தடிமன்! ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. வாயுவின் அழுத்தம்தான் கோலியைக் கழுத்தில் இறுக்கிப் பிடிக்கிறது. தேன், ஜூஸ் வந்த மெல்லிய பாட்டில்கள் இந்த வேலைக்கானவை அல்ல.

அதனால், காலி கூல்டிரிங்க்ஸ் பிளாஸ்டிக் பாட்டிலே பெஸ்ட். மேலே மூணு விரல் இடம் விடுங்கள். தினமும் ரெண்டு வேளை அமுக்கிப் பாருங்கள். கல்லு மாதிரி ஆனதும் ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். இங்கே வெயில் காலத்தில் ஒரே நாளில்கூட அந்த நிலை வரலாம். ஃபிரிட்ஜ் ஈஸ்ட்டைக் கொல்லாது, வேகத்தைத்தான் குறைக்கும். சில நாட்களிலேயே குடித்து முடிங்க. நாள் ஆக ஆக ஆல்கஹாலும் கூடும் என்பதால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தராதீங்க.

நிஜ பீர் காய்ச்சலாமா?

தமிழ்நாட்டில் கூடாது. 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி அனுமதியின்றி மது தயாரிப்பது குற்றம். இங்கிலாந்தில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்கு லைசென்ஸ் தேவையில்லை. அங்கே இருக்கும் நம்மவர்களுக்கும் விதி இதுதான்: புளிப்பு முழுசாக முடியும் முன் பாட்டிலில் அடைக்காதீங்க. ஹைட்ரோமீட்டர் அளவு ரெண்டு, மூணு நாள் மாறாமல் நின்றால்தான் முடிந்ததாக அர்த்தம். அதன்பிறகு சர்க்கரையைக் கண் அளவில் போடாமல், லிட்டருக்கு 6 கிராம் என எடை போட்டு, மொத்தத்திலும் சீராகக் கலந்து நிரப்புங்கள்.

பாட்டில் ஓவராக உப்பி, திறக்கப் பயமாக இருந்தால் குடிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். போனால் நாலு ரூபாய் சர்க்கரை. கண் போனால் திரும்ப வராது.