பெட்ரோலில் கலந்த ஈயமும், அதை வெளியேற்றிய சட்டமும்

1. "எதுக்கெடுத்தாலும் ஒரு சட்டம், ஒரு லைசென்ஸ், ஒரு இன்ஸ்பெக்டர். இப்படியே போனா யாருங்க தொழில் பண்ணுவாங்க?" இந்தக் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதுக்கு வாதம் பண்ணுறதை விட ஒரு வரலாற்றைச் சொல்றது நல்லதுன்னு தோணுது. கொஞ்சம் நீளமான திரெட். பொறுமையா படிங்க.

2. 1920கள். அமெரிக்காவில் கார்கள் பெருகிய காலம். அப்போதைய இன்ஜின்களில் ஒரு பெரிய தொல்லை 'நாக்கிங்'. மேடு ஏறினா இன்ஜின் டக்டக்னு அடிக்கும், இழுவை குறையும். 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்ற இன்ஜினியர் இதுக்கு ஒரு மருந்தைக் கண்டுபிடிச்சார். பெயர் டெட்ரா எத்தில் லெட். ஈயம் சேர்ந்த திரவம். பெட்ரோலில் துளி கலந்தாலே போதும், சத்தம் அடங்கிடும்.

3. ஆல்கஹால் கலந்தாலும் நாக்கிங் குறையும் என்பது அந்த ஆய்வுக்கூடத்துக்கு நல்லாவே தெரியும். ஆனா ஆல்கஹாலுக்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது. ஈயக் கலவைக்கு வாங்கலாம். 1923 பிப்ரவரியில் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் விற்பனை தொடங்கியது. விற்பனைப் பெயர் 'எத்தில்'. ஈயம் என்ற சொல்லே அந்தப் பெயரில் இல்லை.

4. ஈயம் விஷம் என்பது அப்போ தெரியாதா? தெரியும். பண்டைய கிரேக்க, ரோமானிய மருத்துவர்களே எழுதி வச்சிருக்காங்க. மிட்ஜ்லிக்கே ஈய நஞ்சு ஏறி, 1923 தொடக்கத்தில் சில வாரம் புளோரிடாவில் ஓய்வெடுத்தார்.

5. 1924 அக்டோபர். நியூ ஜெர்சியில் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் பேவே சுத்திகரிப்பு நிலையம். இந்தக் கலவையைத் தயாரித்த தொழிலாளர்களுக்குத் திடீரென்று மனப்பிரமை, வலிப்பு, வெறி. 5 பேர் இறந்தார்கள். 30 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில். டூபான்ட் நிறுவனத்தின் டீப்வாட்டர் ஆலையிலும் சாவுகள். அங்கே ஒரு கட்டடத்துக்குத் தொழிலாளர்கள் வச்ச பேரு 'பட்டாம்பூச்சி வீடு'. இல்லாத பூச்சிகளைக் காத்துல கையை வீசி விரட்டிட்டு இருப்பாங்களாம், அதனால.

6. அதே மாதம் மிட்ஜ்லி பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, அவங்க முன்னாடியே அந்தத் திரவத்தைக் கையில் ஊத்திக் கழுவி, ஒரு நிமிஷம் மோந்தும் காட்டினார். 'பாருங்க, ஒண்ணும் ஆகல' என்பதுதான் செய்தி.

7. 1925 மே மாதம் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் ஒரு மாநாடு கூட்டினார். தொழிற்சாலை நோய்களில் அன்றைக்குப் பெரிய நிபுணர் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன். யேல் பல்கலைக்கழக உடலியல் பேராசிரியர் யாண்டெல் ஹெண்டர்சன். இரண்டு பேரும் எதிர்த்தார்கள். தொழிலாளர் சாவைத் தடுத்திடலாம், ஆனா ஊர் முழுக்க வண்டிப் புகையில் ஈயம் பரவினா யார் தடுக்கிறது என்பதுதான் அவங்க கவலை. நிறுவனத் தரப்பு இதைக் கடவுள் கொடுத்த வரம் என்றது.

8. அரசு அமைத்த குழு சில மாதம் ஆய்வு செய்து 1926இல் சொன்னது இதுதான்: இப்போதைக்குத் தடை செய்யக் காரணம் இல்லை, ஆனா அரசு தொடர்ந்து ஆய்வு பண்ணணும். முதல் பாதி உடனே நடந்தது. இரண்டாம் பாதி நடக்கவே இல்லை. அந்த ஆராய்ச்சியை விற்கிறவங்களே ஏற்றுக்கொண்டார்கள்.

9. அடுத்த 40 வருஷம் ஈயம் பற்றிய மருத்துவ அறிவு பெரும்பாலும் ஒரே ஆளிடமிருந்து வந்தது. டாக்டர் ராபர்ட் கீஹோ. எத்தில் நிறுவனத்தின் மருத்துவ ஆலோசகர். அவர் வாதம்: ஈயம் இயற்கையாகவே எல்லார் உடம்பிலும் இருக்கு, ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 80 மைக்ரோகிராம் தாண்டினால்தான் நஞ்சு, கெடுதல்னு நீங்க நிரூபிங்க, அதுவரைக்கும் விப்போம். இன்னைக்கு அமெரிக்காவில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் 3.5 இருந்தாலே கவனிக்கச் சொல்றாங்க.

10. இந்தக் கோட்டையில் ஓட்டை போட்டவர் டாக்டரே இல்லை. கிளேர் பேட்டர்சன் என்ற புவிவேதியியலாளர். பூமியின் வயசு சுமார் 455 கோடி வருஷம் என்று கணக்கிட்டவர். அதுக்காகக் கல்லுல இருந்த ஈயத்தை அளக்கும்போது, ஆய்வுக்கூடம் முழுக்க வெளி ஈயம் ஒட்டியிருந்து அளவையே கெடுத்தது. அது எங்கிருந்து வருதுன்னு தேடிப் போனார். கடலின் மேல் நீரில், ஆழத்தை விடப் பல மடங்கு ஈயம். 1965இல் எழுதினார்: இது இயற்கை அளவு இல்லை, நாம கலந்தது. பிறகு 1971இல் ஈயம் பற்றி ஆராய்ந்த தேசியக் குழுவில் அவருக்கு இடமே கொடுக்கலை.

11. இங்கே ஒரு டாக்டரா கொஞ்சம் விளக்கணும். ஈயம் உடம்புக்குள்ள கால்சியம் மாதிரி வேஷம் போடும். எலும்பில் போய்ப் பல வருஷம் தங்கும். வளரும் மூளையைத் தொடும். பெரியவங்க வாயில் போகிற ஈயத்தில் சுமார் 10 சதவீதம் உடம்பில் சேரும்னா, சின்னக் குழந்தைக்கு 50 சதவீதம் வரை சேரும்.

12. அறிகுறி? பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. 'டாக்டர், என் பையனுக்கு அறிவு நாலு பாயிண்ட் குறைஞ்சிருக்கு'ன்னு எந்த அம்மாவும் ஓபிக்கு வரமாட்டாங்க. 1979இல் ஹெர்பர்ட் நீடில்மேன் பள்ளிக் குழந்தைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து ஈயத்தை அளந்தார். பல்லில் ஈயம் அதிகமிருந்த பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் மதிப்பெண்ணும் வகுப்பில் கவனமும் குறைவு. யாருக்கும் நோயாளி என்று பெயர் இல்லை.

13. சரி, மருந்து கொடுக்கலாமே? கொடுத்துப் பார்த்தாங்க. ரத்தத்தில் 20 முதல் 44 வரை ஈயம் இருந்த 780 குழந்தைகளுக்கு நடந்த ஆய்வு, 2001இல் வெளியானது. சக்சிமர் என்ற மருந்து ரத்த ஈயத்தைக் குறைத்தது. ஆனா அறிவுத்திறனில் போலி மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் இவங்களுக்கும் வித்தியாசமே இல்லை. போனது போனதுதான்.

14. அதாவது, இந்த நோய்க்கு டாக்டரால் ஒண்ணும் பண்ண முடியாது. ஆஸ்பத்திரி கட்டிப் பயனில்லை. பெற்றோர் எவ்வளவு கவனமா இருந்தாலும், வீட்டு வாசலில் ஓடுற வண்டிப் புகையை என்ன செய்வாங்க? 'பிடிக்கலைன்னா வாங்காதீங்க' என்ற சந்தை வாதம் இங்கே செல்லாது. பெட்ரோல் வாங்கினவர் ஒருத்தர், ஈயத்தைச் சுவாசிச்சது இன்னொருத்தரோட பிள்ளை.

15. 1970இல் அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டம் வலுவானது. சுற்றுச்சூழல் முகமையும் அமைந்தது. 1973இல் அது ஈயத்தைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. எத்தில் நிறுவனம் கோர்ட்டுக்குப் போனது. 1976இல் ஒரு நீதிபதி வித்தியாசத்தில், 5க்கு 4 என்று முகமை ஜெயித்தது. முழு நிரூபணம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஆபத்துக்கு ஆதாரம் இருந்தால் போதும் என்றது தீர்ப்பு. 50 வருஷமா நோயாளி பக்கம் இருந்த நிரூபிக்கும் பொறுப்பு அன்னைக்குத்தான் இடம் மாறியது.

16. 1980களில் 'கட்டுப்பாடுகளைக் குறைப்போம்' என்ற ரீகன் அரசு வந்தது. ஈய விதியைத் தளர்த்தும் யோசனையும் எழுந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு தேசிய ரத்த ஆய்வின் முடிவு கிடைத்தது. 1976 முதல் 1980 வரை பெட்ரோல் ஈயம் இறங்க இறங்க, மக்களின் ரத்த ஈயமும் கூடவே இறங்கி 37 சதவீதம் குறைஞ்சிருந்தது. தளர்த்தலாம்னு இருந்த அதே அரசு விதியை இறுக்கியது.

17. 1985இல் வந்த விதிதான் எனக்குப் பிடிச்சது. ஒரு காலனுக்கு 1.1 கிராம் என்ற ஈய அளவை 1986 ஜனவரிக்குள் 0.1க்குக் கொண்டு வரணும். எப்படின்னு சொல்லலை, எவ்வளவுன்னு மட்டும் சொன்னது. முன்கூட்டியே குறைத்த ஆலை தன் மிச்ச அளவைச் சேமிக்கலாம், விற்கலாம். பின்தங்கிய சின்ன ஆலை அதை வாங்கிச் சமாளிக்கலாம். செலவை விட நன்மை பல மடங்கு என்று முன்னாடியே கணக்குப் போட்டும் காட்டினாங்க.

18. பலன்: அமெரிக்காவில் 1 முதல் 5 வயதுக் குழந்தைகளின் சராசரி ரத்த ஈயம் 1970களின் கடைசியில் 15. 1990ஐ ஒட்டி 3.6. உணவு டின்களில் ஈயப் பற்றவைப்பை நிறுத்தியதுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனா பெரும் பங்கு பெட்ரோலுக்கு. கார் கம்பெனிகள் மூடிடலை. யாரும் மாட்டுவண்டிக்குத் திரும்பவும் இல்லை.

19. நம்ம ஊருக்கு எப்போ வந்தது? 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லா பெட்ரோல் கிடைக்க ஆரம்பித்தது. உச்ச நீதிமன்ற வழக்குகளின் அழுத்தம் பின்னால் இருந்தது. நாடு முழுக்க 2000 பிப்ரவரியில். இதைப் படிக்கிற 30 வயசு தாண்டின எல்லாருமே, நான் உட்பட, சின்ன வயசில் ஈயப் புகையைச் சுவாசிச்சவங்கதான். உலகின் கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தியது 2021 ஜூலையில். 1923இல் தொடங்கியது முடிய 98 வருஷம்.

20. அப்போ எல்லாச் சட்டமும் நல்லதா? அப்படிச் சொல்ல மாட்டேன். 1926இல் அந்த வியாபாரத்துக்கு 'ஆபத்தில்லை' என்று முத்திரை குத்திக் கொடுத்ததும் அரசுக் குழுதான். விற்கிறவர் கையில் அளவுகோலைக் கொடுத்துட்டு அரசு ஒதுங்கினா, அந்த முத்திரை சட்டமே இல்லாததை விட மோசம். மக்கள் அதை நம்பிடுவாங்க.

21. இன்னொரு தீங்கும் இருக்கு. நம்ம நாட்டில் பழைய பேட்டரிக்கு 2001இலிருந்தே விதி உண்டு. ஆனா கொல்லைப்புறத்தில் உடைச்சு ஈயம் உருக்குற பட்டறைகள் இன்னும் இருக்கு. புகையை வடிகட்டச் செலவு பண்ணுற ஆலையால், ஒண்ணுமே பண்ணாத பட்டறையோட விலைக்குப் போட்டி போட முடியலை. கண்காணிப்பு இல்லாத சட்டம் நேர்மையானவனுக்கு மட்டும் அபராதம். தொழில் செய்கிறவர்களின் கோபத்தில் இந்தப் பகுதி முழுக்க நியாயம்.

22. ஆனா இதுக்குத் தீர்வு விதியை எடுப்பது இல்லை, ஒழுங்கா அளப்பது. அடுத்த தடவை ஒரு கட்டுப்பாடு தேவையா இல்லையான்னு சண்டை வரும்போது மூணு கேள்வி கேளுங்க. கெடுதல் வந்தா அனுபவிக்கப்போறது வாங்கினவரா, வேற யாருமா? கெடுதல் இல்லைன்னு அளந்து சொன்னது யாரு, அவருக்குச் சம்பளம் யாரு கொடுக்குறா? பின்னாடி வருத்தப்பட்டா அதைச் சரிசெய்ய மருந்து இருக்கா?

23. ஈயத்துக்கு மூணாவது கேள்வியின் பதில் 'இல்லை'. அதனால நடைமுறையா ரெண்டு விஷயம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாதுன்னு 2017 நவம்பரிலிருந்து விதி இருக்கு. வாங்கும்போது டப்பாவைப் பாருங்க. பழைய பெயிண்டைச் சுரண்டும்போது குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாதீங்க. பேட்டரி உடைக்கிற இடம் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருந்தா மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதிப் புகார் கொடுங்க.