பறையர், 'பரியா': ஒரு பெயர் வசையான வரலாறு

'பறை' என்றால் தோற்கருவி. 'பறைதல்' என்றால் சொல்லுதல். மலையாளிகள் இன்றும் 'பறயுக' என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பறையின் பெயரால் அறியப்பட்ட நம் மக்களின் பெயரை ஐரோப்பியர் 'பரியா' என்று கொண்டுபோனார்கள். ஆங்கிலத்தில் அது ஒதுக்கப்பட்டவரைக் குறித்தது. தெருநாய்க்கும் அதே பெயரைச் சூட்டினார்கள். 1821இல் பிரெஞ்சு மொழியில் அது ஒரு நாடகத்தின் தலைப்பானது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் யூதர்களைப் 'பரியா மக்கள்' என்றார். தீண்டாமையை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் இழிவாக்கினார்கள்.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். திணித்த இழிவை அப்படித்தான் திருப்பி அடித்தார்.

இன்றும் ஆங்கில ஏடுகள் 'பரியா நாடு' என்று கூசாமல் எழுதுகின்றன. நாம் சொல்கிறோம்: அது வசை அல்ல, ஒரு மக்களின் பெயர்.