மறுக்க முடியாத இடத்தில் சம்மதம் ஏது?

கல்லானாலும் கணவன் என்று சொல்லி, அடிபட்ட பெண்ணைப் புருஷன் வீட்டுக்கே திருப்பி அனுப்பும் பஞ்சாயத்துகளைப் பார்த்துத்தான் நாம் வளர்ந்தோம். அன்றிரவு அவள் அவனோடுதான் படுக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. மாலையில் அடித்த கை இரவில் தொடும்போது உடல் இறுகிப்போகிறது. ஆசை வற்றுகிறது, உறவு வலியாகிறது. குறை தன்னிடம்தான் என்று அவளே நம்பத் தொடங்குகிறாள். மறுத்தால் மறுபடியும் அடி விழும் என்று அவள் வாய்மூடிக் கிடப்பதற்குச் சம்மதம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இந்தப் பெயரைச் சட்டமும் ஏற்றுக்கொண்ட வரலாறு உண்டு. 11 வயதில் மணம் முடிக்கப்பட்டுத் தாய்வீட்டிலேயே வளர்ந்தவர் ருக்மாபாய். அவர் தன்னுடன் வந்து வாழ வேண்டும் என்று 1884இல் கணவர் தாதாஜி பிகாஜி பம்பாயில் வழக்குத் தொடுத்தார். 1885இல் நீதிபதி பின்ஹே ருக்மாபாய்க்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. கணவரிடம் போக வேண்டும், இல்லையேல் ஆறு மாதம் சிறை என்று 1887இல் உத்தரவு வந்தது. சிறைக்கே போகிறேன் என்றார் அவர். நாட்டு விடுதலை பேசிய திலகர், இந்தப் பெண்ணின் விடுதலையை எதிர்த்து எழுதினார். 1888இல் பணம் கொடுத்து வழக்கு முடிக்கப்பட்டது. ருக்மாபாய் இங்கிலாந்தில் மருத்துவம் படித்துத் திரும்பி, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பணியாற்றினார்.

ஒரு பெண்ணின் மறுப்பு ஏன் இத்தனை பேரை நடுங்கவைத்தது? 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அண்ணல் அம்பேத்கர் இதற்கு விடை தந்தார். அகமணமே சாதியின் உயிர்; அதைக் காக்கவே சதியும், கட்டாய விதவைக்கோலமும், சிறுமி மணமும் வந்தன என்றார். பெண்ணுடல் அவளுக்கே சொந்தம் என்றால் சாதி ஆட்டம் காணும். பெண்ணுக்கு மணவிலக்கு உரிமை தந்த இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடக்கப்பட்டதும், 1951இல் அவர் அமைச்சர் பதவியைத் துறந்ததற்கு ஒரு முக்கியக் காரணம்.

ருக்மாபாயை இழுத்த அதே வழக்குமுறை 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் பிரிவு 9ஆக இன்றும் இருக்கிறது. ஆந்திர உயர்நீதிமன்றம் 1983இல் அதைச் செல்லாது என்றது. உச்சநீதிமன்றம் 1984இல் செல்லும் என்றது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறை என்று ஏற்று, பாதுகாப்பு ஆணை கேட்க வழி தந்தது. ஆனால் 18 வயது நிரம்பிய மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்தினால் அது வன்புணர்ச்சி ஆகாது என்ற விதிவிலக்கு, 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது.

தோழர்களே, ஊர் சிரிக்கும், சேரி மானம் போகும் என்று நம் பெண்களின் வாயை அடைப்பவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். ஆதிக்கச் சாதிக்காரன் கைவைத்தால் போராட்டம், நம் வீட்டு ஆண் அடித்தால் குடும்ப விவகாரம் என்பது அம்பேத்கரியம் அல்ல. அடுத்த முறை பஞ்சாயத்து கூடும்போது, திரும்பிப் போக உனக்கு விருப்பமா என்று அந்தப் பெண்ணிடம் முதலில் கேட்போம். இல்லை என்றால், அவளோடு நிற்போம்.