பிரதி இருக்கிறது என்று நம்பலாமா? தரவுத்தளப் பிரதியாக்கம் இடையிடையே அறுபடுவது ஏன்

1981 யூன் தொடக்கத்தில் யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை திரும்பக் கிடைக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் விட்டுவிட்டு ஓடியவர்கள் பலர்.

எஞ்சிய ஆவணங்களை ஸ்கான் செய்து வைக்க விரும்பும் ஓர் ஊர் அமைப்பு, கொக்குவிலில் ஒரு சேர்வரும் கொழும்பிலோ ரொறன்ரோவிலோ அதன் பிரதியும் வைக்கலாம். ஆனால் அந்தப் பிரதி சத்தமில்லாமல் நின்றுபோகவும் கூடும்.

எப்படி இயங்குகிறது?

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில், மூல சேர்வர் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு பதிவேட்டில் எழுதும். பிரதி சேர்வரில் ஒரு பகுதி அந்தப் பதிவேட்டை இணையம் வழியாகப் பெறும்; மற்றப் பகுதி அதிலுள்ள மாற்றங்களைத் தன் தரவில் செய்யும். பழுது வந்தால் 'ஷோ ரெப்ளிக்கா ஸ்டேட்டஸ்' கட்டளையைக் கொடுத்து, நின்றது எந்தப் பகுதி என்று முதலில் பாருங்கள்.

பெறும் பகுதி நின்றால்

பெரும்பாலும் இணைப்பு அல்லது மின்சாரமே காரணம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின் வெட்டப்பட்டது நினைவிருக்கும். குறுகிய தடங்கலுக்குப் பின் பிரதி தானாகவே மீண்டும் இணையும். நீண்ட தடங்கலுக்குள் மூல சேர்வர் பழைய பதிவேட்டை அழித்துவிட்டால் 1236 என்ற பிழை வரும். அப்போது முழுப் பிரதியையும் புதிதாக எடுப்பதே வழி. எட்டாம் பதிப்பில் பதிவேடு இயல்பாக 30 நாள் இருக்கும். இடம் மிச்சம் பிடிக்க அதைக் குறைக்காதீர்கள்.

ஒரு பிரதி சேர்வரை அப்படியே குளோன் செய்து இன்னொன்றை அமைத்தால் இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருக்கும். அவை மாறி மாறி ஒன்றையொன்று துண்டிக்கும். விட்டுவிட்டு வரும் பழுதுக்கு இதுவும் ஒரு காரணம்.

செய்யும் பகுதி நின்றால்

1062 என்றால் அதே பதிவு ஏற்கெனவே உள்ளது. 1032 என்றால் தேடும் பதிவு இல்லை. யாரோ பிரதியில் நேரடியாக எழுதியிருக்கலாம். பிழையைத் தாண்டிச் செல்லும் கட்டளை அப்போதைக்கு உதவினாலும், இரண்டு தரவுகளும் வேறுபட்டே இருக்கும். பிரதியை வாசிக்க மட்டும் என்று பூட்டிவையுங்கள்.

பூச்சியத்தை நம்பாதீர்கள்

தாமதம் பூச்சியம் என்று காட்டினால், வந்து சேர்ந்தவை செய்துமுடிக்கப்பட்டன என்பதே பொருள். இணையம் மெதுவாக இருந்தால் வராதவை அந்தக் கணக்கில் சேராது. மூல சேர்வரில் நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தை எழுதச் செய்து, அது பிரதியில் தெரிகிறதா என்று பாருங்கள்.

மூலத்தில் தவறுதலாக அழித்தது பிரதியிலும் அழியும். அதனால் தனியான காப்புப் பிரதியும் தேவை. மாதம் ஒருமுறை அதை வேறொரு கணினியில் ஏற்றி, ஓர் உறுதியையாவது திறந்து வாசித்துப் பாருங்கள்.