அடித்தந்தி: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ் இசைக்குழுக்களில் பேஸ் கிட்டார்

கோலாலம்பூரிலிருந்து மேற்கே கிள்ளான் துறைமுகம் வரை நீளும் கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ் மெல்லிசைக் குழுக்களின் கதை பெரும்பாலும் பாடகர்களின் கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது. மேடையின் ஓரத்தில், தாளக்காரருக்கு அருகில் நின்று, பாட்டின் அடிச்சுருதியைத் தாங்கிப் பிடிக்கும் பேஸ் கிட்டார் கலைஞரின் பெயர் சுவரொட்டிகளில் இடம்பெறுவது அரிது. ஆயினும் எந்தக் கருவி கைக்குக் கிடைத்தது, அதை வாசிக்க எப்படிக் கற்றார்கள், எந்தப் பாட்டை மேடைக்குத் தேர்ந்தார்கள் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால், இப்பகுதித் தமிழர்களின் இசை வாழ்க்கை வேறொரு கோணத்தில் தெளிவாகிறது. மூன்றில் முதன்மையானது பாட்டுத் தேர்வுதான். கருவியும் கல்வியும் அதன் பின்னாலேயே நடந்தன.

பேஸ் கிட்டார் என்பது பெரும்பாலும் நான்கு தந்திகள் கொண்ட, வழக்கமான கிட்டாரைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் மின்கருவியாகும். மேலிருந்து கீழாக ஜி, டி, ஏ, ஈ என்று சுருதி கூட்டப்படும் அத்தந்திகளில் மிகத் தடித்ததான ஈ, வினாடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகளில் ஒலிப்பது. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்' இக்கருவியை உலகெங்கும் பரப்பியது. அதற்கு முன் அந்த இடத்தை நிரப்பியது ஆளுயர டபுள் பேஸ். 1890-களில் சிலாங்கூர் அரசுப் பேண்டு அமைக்கப்பட்டபோது மணிலாவிலிருந்து வரவழைக்கப்பட்ட பிலிப்பினோ கலைஞர்களும் அவர்களது வழித்தோன்றல்களும் கோலாலம்பூரின் மேற்கத்திய இசைத் தொழிலுக்கு அடித்தளமிட்டனர். 1961-இல் வானொலி இசைக்குழுவுக்குத் தலைமையேற்ற அல்ஃபோன்சோ சொலியானோ அம்மரபில் வந்தவர். சென்னைத் திரைப்பட ஒலிப்பதிவு நிலையங்களிலும் அக்காலத்தில் டபுள் பேஸ்தான் ஒலித்தது. விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் பாடல்களை வானொலியில் கேட்டு வளர்ந்த மலாயாத் தமிழர்களின் காதில் முதலில் பதிந்த கீழ்க்குரலும் அதுவே.

1960-களில் நிலைமை விரைவாக மாறியது. கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவும் 1961-இல் சிங்கப்பூர் ஹேப்பி வேர்ல்டு அரங்கில் வாசித்த நிகழ்ச்சி, தீபகற்பம் முழுவதிலும் இளைஞர்களை மின்கிட்டாரின் பக்கம் திருப்பியது. இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம் என்ற ஷாடோஸ் அமைப்பையே 'குகிரான்' எனப்பட்ட மலாய்க் கிட்டார்க் குழுக்கள் பின்பற்றின. அவற்றின் பாடல்களுக்கு, பீட்டில்ஸ் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் 'யே யே' ஒலியை ஒட்டி, 'பாப் யே யே' என்ற பெயர் நிலைத்தது. ஷாடோஸில் பேஸ் வாசித்த ஜெட் ஹாரிஸின் கையிலிருந்த ஃபெண்டர் பலருக்கு எட்டாத விலையில் இருந்த காலத்தில், டெய்ஸ்கோ, குயாடோன் போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் மலிவான மின்கிட்டார்கள் உலகச் சந்தைகளை நிறைத்துக்கொண்டிருந்தன. இந்தியாவில் இறக்குமதி உரிமக் கட்டுப்பாடுகள் வெளிநாட்டுக் கருவிகளைப் பல பத்தாண்டுகளுக்கு அருமையாக்கியிருந்தன. மலாயாவின் துறைமுகங்களோ திறந்தே இருந்தன. ஆகவே பாட்டு சென்னையிலிருந்து வந்தபோதும், அதை வாசிக்கும் மின்கருவியைப் பெறுவதில் கோலாலம்பூர் இளைஞருக்குச் சென்னை இளைஞரைவிட வாய்ப்பு கூடுதலாக இருந்தது என்பது இவ்வரலாற்றில் உரிய அழுத்தம் பெறாத உண்மை.

பாட்டும் கருவியும் வந்து சேர்ந்த வழிகளைப் பார்க்கையில் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸும் கிள்ளானும் ஒரே தடத்தின் இரு முனைகளாகத் தெரிகின்றன. செங்கல் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்ஃபீல்ட்ஸ், இருப்புப்பாதைப் பணிமனைகளையும் ஊழியர் குடியிருப்புகளையும் சுற்றி, தமிழகத் தமிழரும் இலங்கைத் தமிழரும் கலந்து வாழ்ந்த பகுதியாக வளர்ந்தது. கோலாலம்பூரைக் கிள்ளானோடு இணைத்த இருப்புப்பாதை 1886-இல் திறக்கப்பட்டது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், செயல்படத் தொடங்கியது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் 'ரஜுலா' போன்ற கப்பல்களில் வந்த பயணிகளோடு இசைத்தட்டுகளும் ஆர்மோனியங்களும் இவ்வழியே உள்நாட்டுக்குள் சென்றன. கோயில் திருவிழா மேடையும் திருமண விருந்து மண்டபமும் மெல்லிசைக் குழுக்களின் நிலையான களங்களாயின. 1981-இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி நிறுவி, பின்னர் பிரிக்ஃபீல்ட்ஸ் பெர்ஹாலா சாலையில் நிலைகொண்ட நுண்கலைக் கோயில் மரபிசைக்கும் நடனத்துக்கும் முறையான கல்வி அளித்தது. மெல்லிசை மேடையில் பேஸ் வாசிக்க விரும்பியவருக்கோ அத்தகைய பள்ளி இல்லை, மேடையே பள்ளி.

இரவு விடுதிகளில் வாசித்த குழுக்களுக்குப் பாட்டுத் தேர்வு என்பது பிழைப்போடு பின்னியது. பினாங்கில் 1960-களின் இறுதியில் உருவான ஆலிகேட்ஸ் குழு, டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்களின் குரல்களை முன்னிறுத்தி, ஆங்கிலப் பாடல்களைப் பாடி, ஹாங்காங் விடுதிகளிலும் வாசித்துத் தேர்ச்சி பெற்றது. 1970-களின் கடைசியில் மலாய் இசைத்தொகுப்புகளுக்குத் திரும்பிய பின்னரே, எம். நாசிர் போன்றோரின் இசையமைப்பில், நாடறிந்த குழுவாயிற்று. ஜிம் மாடசாமியை உறுப்பினராகக் கொண்டிருந்த புளூஸ் கேங் குழு, அமெரிக்க புளூஸ் வடிவத்தை எடுத்துக்கொண்டு நெகிரி செம்பிலான் வட்டாரப் பேச்சில் பாடிப் புகழ்பெற்றது. பிறர் பாட்டை மீண்டும் வாசிப்பதைப் போலி என்று ஒதுக்கும் வழக்கம் விமரிசகர்களிடையே உண்டு. இக்குழுக்களின் வளர்ச்சியை நோக்கினால் அவ்வழக்கம் பொருந்தாது. சொந்தப் பாட்டுக்கு முந்திய ஆண்டுகள் முழுவதும், பல நாட்டுப் பேஸ் வாசிப்பு முறைகளை இரவுக்கிரவு கைப்பழக்கமாக்கிய பயிற்சிக் காலமாக இருந்தன.

தமிழ்ப் பாட்டைப் பொறுத்தவரை, பேஸ் கலைஞரின் வேலையை மாற்றி அமைத்தவர் 1976-இல் 'அன்னக்கிளி' மூலம் அறிமுகமான இளையராஜா. அதுவரை மேடைகளில் ச, ப என்ற இரு சுரங்களுக்கிடையே தாளத்தோடு போய்வந்தாலே பெரும்பாலான பாடல்களுக்குப் போதுமாயிருந்தது. இளையராஜாவின் பாடல்களிலோ பேஸ், மெட்டுக்கு எதிர்நடையாகத் தனி மெட்டொன்றைப் பாடிச் செல்கிறது. பாடகர் நிற்கும் இடத்தில் நடக்கிறது, பாடகர் நடக்கும் இடத்தில் நிற்கிறது. அவரது மைத்துனர் சசிதரன் வாசித்த அந்தப் பகுதிகளை விட்டுவிட்டு வெறும் அடிச்சுரத்தை மட்டும் வாசித்தால், பாட்டு அதே பாட்டாக இருப்பதில்லை. சிங்கப்பூர், மலேசியக் காட்சிகளோடு 1978-இல் வெளிவந்து, பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படமாக அறியப்படும் 'ப்ரியா', அடுத்த ஆண்டு எம். எஸ். விஸ்வநாதன் இசையில், சிங்கப்பூர் செல்லும் இசைக்குழு ஒன்றையே கதையாக்கிய 'நினைத்தாலே இனிக்கும்', பின்னர் 'மூடுபனி', 'நிழல்கள்', 'பயணங்கள் முடிவதில்லை' என்று தொடர்ந்த படங்கள், கிட்டார் சார்ந்த பாடல்களைத் தமிழ் மேடைகளில் தவிர்க்க முடியாதவையாக்கின.

இப்பாடல்களுக்கு அச்சிட்ட இசைத்தாள் கடையில் கிடைக்கவில்லை. இளையராஜா ஐந்துகோட்டு முறையில் எழுதிக் கொடுத்த பகுதிகள் சென்னைப் பதிவு நிலையத்துக் கலைஞர்களுக்கானவை; கிள்ளானில் வாசிப்பவரிடம் இருந்தது கேசட் மட்டுமே. கேசட்டிலிருந்து பேஸைக் 'கேட்டு எடுப்பது' எளிதன்று. சிறிய ஒலிபெருக்கியில் ஈ தந்தியின் அடி ஒலி ஏறக்குறைய மறைந்து, அதன் மேல்-ஒலிகள் மட்டுமே காதுக்கு எட்டும். நாடாவை இருமடங்கு வேகத்தில் ஓட்டினால் எல்லாம் ஒரு ஸ்தாயி மேலேறி பேஸ் தெளிவாகும். ஆனால் காலம் பாதியாகச் சுருங்குவதால் விரைவான இடங்கள் கைநழுவும். மேலும், ஓட்டும் கருவியின் வேகம் சிறிது பிசகினாலே டி சுருதியில் உள்ள பாட்டு, டிக்கும் ஈக்கும் நடுவே ஓரிடத்தில் நிற்கும். கேட்பவர் தன் கருவியை நாடாவுக்கேற்பக் கூட்டிக்கொண்டு, பாட்டை எடுத்தபின் மீண்டும் சரிசெய்ய வேண்டும்.

எடுத்ததை எழுதிவைக்கும் முறை எது என்பது அடுத்த சிக்கல். மேற்கத்திய பேஸ் கலைஞர்கள் பரவலாகக் கையாளும் 'டேப்லேச்சர்', சுருக்கமாக 'டேப்', சுரத்தைக் குறிக்காமல் விரல் படவேண்டிய இடத்தைக் குறிக்கும் முறை. நான்கு கோடுகள் நான்கு தந்திகளைச் சுட்ட, கோட்டின்மேல் எழுதப்படும் எண் எந்த ஃப்ரெட்டில், அதாவது வீணையில் மெட்டு எனப்படும் குறுக்குக் கட்டில், அழுத்த வேண்டும் என்பதைச் சொல்கிறது; சுழியம் திறந்த தந்தியைக் குறிக்கும். இது புதிய கண்டுபிடிப்பன்று. வெனிஸில் பெத்ரூச்சி 1507-இல் அச்சிட்ட லூட் நூல்களிலேயே இம்முறை முழு வளர்ச்சி பெற்றிருக்கிறது. ஆங்கிலப் பாடல்களுக்கான டேப், கிட்டார் இதழ்கள் வழியாக 1980-களில் பெருகியது. ஐந்துகோட்டு முறை அறியாதவரும் ஒரு மாலைப் பொழுதில் ஒரு பாட்டைப் பிடித்துவிட முடிந்தது. ஆனால் அதில் ஒவ்வொரு சுரமும் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பது பெரும்பாலும் எழுதப்படுவதில்லை என்பதால், பாட்டை முன்பே நன்கு கேட்டிருப்பவருக்கே அது பயன்படுகிறது.

தமிழ் மெல்லிசை மேடையில் டேப் முழுமையாக வேரூன்றாததற்கு அதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. அம்மேடையில் சுருதி பாடகரைப் பொறுத்தது. ஒரு கட்டை என்றால் சி, இரண்டு என்றால் டி, ஐந்து என்றால் ஜி, ஐந்தரை என்றால் அதையடுத்த கறுப்புக் கட்டை என்று ஆர்மோனியத்தை வைத்துச் சொல்லும் கணக்கில், ஒரு பாடகர் நாலரைக் கட்டையில் பாடும் பாட்டை இன்னொருவர் அரைக் கட்டை இறக்கிக் கேட்பது அன்றாட நடப்பு. ஈ-யில் அமைந்த பாட்டு அரைக் கட்டை இறங்கியவுடன், கருவியின் மிகக் கீழான தந்தியில் திறந்தவாறே கிடைத்த அடிச்சுரம் இல்லாமற்போய், வாசிப்பு முழுவதையும் ஒரு ஸ்தாயி மேலே கொண்டுபோகவோ தந்தியைத் தளர்த்தவோ நேரிடுகிறது. எழுதிவைத்த எண்கள் அனைத்தும் வீணாகின்றன. கீழே புள்ளியிட்டு மந்தர ஸ்தாயியைக் காட்டும் ச ரி க ம எழுத்துமுறைக்கு இந்த இடையூறு இல்லை. ஆதார சுருதி எங்கே நகர்ந்தாலும் சுரங்களின் உறவு மாறாது. ஆங்கிலப் பாட்டை எண்களிலும் தமிழ்ப் பாட்டைச் சுரங்களிலும் நினைவில் கொள்ளக்கூடிய ஒருவருக்கு, இரண்டும் கலந்த இரவு நிகழ்ச்சியில் கிடைக்கும் சுதந்திரம் பெரிது.

கருவிகளின் கைமாற்றமும் இதே மேடை வட்டத்துக்குள்ளேயே பெரிதும் நடக்கக்கூடியது. குழுவை விட்டு விலகுபவரின் பேஸ் புதிதாகச் சேர்பவரிடம் போவது இயல்பு. பழைய கருவியை விற்றுச் சற்று மேலானதை வாங்குவதே பெரும்பாலோர்க்கு முன்னேறும் வழி. ஆண்டு முழுவதும் ஈரப்பதம் மிகுந்த கிள்ளான் பள்ளத்தாக்கில், பழைய கருவியை வாங்குபவர் முதலில் பார்ப்பது அதன் கழுத்தை. உடற்பகுதியின் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக் கழுத்தின் நீளத்தை நோக்கினால் வளைவு தெரியும். முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே தந்தியை அழுத்திப் பிடித்தால், நடுவில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே மிக மெல்லிய இடைவெளி மட்டுமே இருக்கவேண்டும். சிறிய வளைவைக் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை முறுக்கி நிமிர்த்தலாம். முறுகிப்போன கழுத்தை நிமிர்த்த முடியாது. அடுத்து, ஒலி கூட்டும் குமிழைத் திருகும்போது கரகரப்பு எழுகிறதா என்று கேட்கவேண்டும். தந்திகளின் விலை கிட்டார்த் தந்தியைவிடப் பலமடங்கு என்பதால், மங்கிய தந்திகளைக் கழற்றிச் சில நிமிடம் கொதிநீரில் இட்டு, சுருள்களுக்கிடையே படிந்த அழுக்கை நீக்கித் துடைத்து மீண்டும் மாட்டுவது உலகெங்கும் பேஸ் கலைஞர்கள் அறிந்த சிக்கனம்; அதனால் திரும்பும் பளிச்சென்ற ஒலி நெடுநாள் நிற்பதில்லை.

1990-களில் இரு திசைகளிலிருந்து நெருக்கடி வந்தது. தானியங்கித் தாளமும் இடக்கை பேஸும் கொண்ட கீபோர்டுகளும், பாடகர் குரலை மட்டும் நீக்கிய கரோக்கே ஒலிநாடாக்களும், செலவைக் குறைக்க விரும்பிய திருமண வீட்டாருக்குப் பேஸ் கலைஞரைத் தேவையற்றவராகக் காட்டின. அதே காலத்தில் 1992-இல் 'ரோஜா' தொடங்கி ஏ. ஆர். ரகுமானின் பாடல்கள் சிந்தசைசரில் உருவான, ஈ தந்திக்கும் கீழே இறங்கும் பேஸைக் கொண்டுவந்தன. அவற்றை மேடையில் வாசிக்க, வினாடிக்கு ஏறத்தாழ 31 அதிர்வுகள் கொண்ட பி தந்தியைச் சேர்த்த ஐந்து தந்திக் கருவி வேண்டியிருந்தது. பாட்டு மாறியதால் கருவி மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. ரகுமான் தம் ஒலிநாடா உறைகளில் வாசித்த கலைஞர்களின் பெயர்களை அச்சிட்டதும் சிறிய செய்தியன்று: கீத் பீட்டர்ஸ் என்ற பேஸ் கலைஞரைக் கடல் கடந்த ரசிகர்கள் பெயர் சொல்லி அறிய அதுவே வழி செய்தது. 1996-இல் ரகுமான் ஷா ஆலமில் நிகழ்ச்சி நடத்தியபோது, ஒலிநாடாவில் கேட்ட இசையை முழு அளவில் மேடையில் கேட்கும் வாய்ப்பு இப்பகுதியினருக்குக் கிடைத்தது.

அடுத்த தலைமுறை, பிறர் பாட்டை எடுத்தாளும் பழக்கத்தை வேறொரு தொழிலாக்கியது. கோலாலம்பூர் ராப் கலைஞர் யோகி பி, நட்சத்திரா குழுவோடு 2006-இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பில், 1980-இன் 'நிழல்கள்' படப் பாட்டொன்றை மறுவார்ப்பாகத் தந்து தமிழகத்திலும் பெரும் வரவேற்புப் பெற்றார். மறு ஆண்டு 'பொல்லாதவன்' படத்துக்காக 'நினைத்தாலே இனிக்கும்' பாட்டொன்றின் மறுவடிவில் அவர் குரல் சென்னையிலேயே ஒலித்தது. எல்லைக்கு அப்பால் சிங்கப்பூரில் 1992-இல் தோன்றிய ருத்ரா குழுவில், கதிரேசன் பேஸ் வாசித்துக்கொண்டே பாடுபவராக முன்வரிசையில் நின்று, வேதாந்தக் கருத்துகளைக் கடுமையான மெட்டல் இசையில் சொந்தப் பாடல்களாகத் தந்தார். கிள்ளான் பள்ளத்தாக்கின் விருந்து மண்டபங்களில் ஐந்து தந்திப் பேஸோடு நிற்பவர்களிடம் இன்றும் முதலில் கேட்கப்படுவது இளையராஜாவின் 1980-களின் பாடல்களே; அப்பாடல்களுக்கான நம்பத்தக்க பேஸ் குறிப்புகளைச் சுரத்திலும் டேப்பிலுமாக ஒருசேர எழுதி அச்சில் கொண்டுவரும் பணி, அவற்றைக் காதால் எடுத்த மூத்த கலைஞர்கள் இருக்கும்போதே செய்யப்பட வேண்டியதாக நிற்கிறது.