சீருடையில் இரண்டு விசுவாசங்கள்

தமிழில் ‘விசுவாசம்’ என்னும் சொல் இரு பொருள் தருகிறது. ஆலயத்தில் அது இறைநம்பிக்கை. அரசின் முன்னிலையில் அது பற்றுறுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில், முதலாவதை உரோமைக்கு அளித்தவரிடம் இரண்டாவதை எதிர்பார்க்க இயலுமா என்னும் ஐயம் கத்தோலிக்கக் குடியேறிகளைத் தொடர்ந்தது. மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள செயின்ட் தாமஸ் அகாடமி, சிறுவருக்கான தனியார் கத்தோலிக்க இராணுவ ஆயத்தப் பள்ளி. அதன் வரலாற்றை இந்த ஐயத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம் எனக் கருதுகிறேன்.

1884ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது நியூயார்க்கில் ஒரு புராட்டஸ்டண்டு போதகர், மது, உரோமை மதம், கலகம் ஆகிய மூன்றையும் எதிர்க்கட்சியின் முகவரியாக ஒரே மூச்சில் சேர்த்துப் பேசினார். ‘கலகம்’ என்று அவர் சுட்டியது உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்கள் பிரிந்து சென்றதை. மறு ஆண்டு இப்பள்ளியை நிறுவிய ஆயர் ஜான் அயர்லாந்து, அதே போரில் ஒன்றியத்தின் பக்கம் நின்றவர். அயர்லாந்தின் கில்கென்னியில் 1838இல் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்து, 1862-63இல் மின்னசோட்டா ஐந்தாம் படைப்பிரிவின் ஆன்மகுருவாகப் பணியாற்றியவர்.

ஆயினும் நிறுவனரின் போர் அனுபவமே பள்ளியை இராணுவப் பள்ளியாக்கியது என்று கூறுவது அவசர முடிவு. 1885இல் தொடங்கப்பட்டது குருமடமும் பொதுக்கல்வியும் இணைந்த நிறுவனம். குருமாணவர்கள் 1894இல் தனி வளாகத்துக்குச் சென்றனர். அதற்குப் பொருளுதவி செய்த இரயில்வே அதிபர் ஜேம்ஸ் ஹில் கத்தோலிக்கரல்லர், அவர் மனைவியே கத்தோலிக்கர். இராணுவப் பயிற்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில்தான் வேரூன்றியது. அன்று அது கத்தோலிக்கரின் தனிவழக்கமும் அன்று. 1862ஆம் ஆண்டின் மொரில் சட்டம் அரசு நிலக்கொடை பெற்ற கல்லூரிகளின் பாடங்களில் போர்முறைக் கல்வியைச் சேர்த்திருந்தது. 1916ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம் உயர்நிலைப் பள்ளிகளுக்கான இளையோர் பயிற்சிப் பிரிவை உருவாக்கியது. எனினும் பொது வழக்கம் ஒன்று ஐயத்துக்கு உள்ளான சிறுபான்மையிடம் வந்து சேரும்போது, அதே அணிவகுப்பு சான்றிதழாகவும் மாறிவிடுகிறது. சமூகத்தின் பற்றுறுதியைச் சிறுவர் தம் உடலால் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது என்பதே இதில் என்னை உறுத்துவது.

இறையியல் தரப்பில் இதற்குத் தடை பெரிதாக எழவில்லை; மொழியே வழியமைத்திருந்தது. இலத்தீனில் ‘சாக்ரமெந்தும்’ என்பது படைவீரன் எடுக்கும் உறுதிமொழி. பின்னரே அது திருச்சபையின் அருட்சாதனத்தைக் குறித்தது. ‘டிசிப்ளினா’ துறவிக்கும் வீரனுக்கும் பொதுச்சொல். ‘அருட்சாதனம்’ என்னும் தமிழாக்கத்தில் படைவீட்டின் வாடை முற்றிலும் அகன்றுவிட்டது.

வியட்நாம் போரின் முடிவைக் கோரி 1971இல் அமெரிக்க ஆயர்கள் தீர்மானம் நிறைவேற்றினர். 1983இல் அணு ஆயுதங்களைக் கேள்விக்குள்ளாக்கிச் சுற்றுமடல் வெளியிட்டனர். அதற்குள் பள்ளி, 1965இலேயே, மெண்டோட்டா ஹைட்ஸுக்கு இடம்பெயர்ந்திருந்தது. அங்கு மாணவன் இன்றும் ‘கேடட்’ என்றே அழைக்கப்படுகிறான்.