975,000: பதின்மூன்று கூறான மக்கள் தொகை

1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் புதுடில்லியில் செய்துகொண்ட உடன்படிக்கை, இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளி நாடற்றவர்களின் தொகையை 975,000 எனக் கொண்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களே இதில் மிகப் பெரும்பான்மை. சப்ரகமுவவில் எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலை, இறப்பர்த் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தவர்களும் அந்த எண்ணுக்குள் அடக்கம்.

இந்தியா 525,000 பேரையும் இலங்கை 300,000 பேரையும் ஏற்பதென்று முடிவாயிற்று. மீதி 150,000 பேரின் கதி பின்னர் பேசப்படும் என்று விடப்பட்டது. இம்மூன்று தொகைகளின் மீப்பெரு பொதுக் காரணி 75,000. அதால் வகுத்தால் கிடைப்பவை 7, 4, 2, கூட்டினால் 13. பதின்மூன்று பகா எண். இரண்டு அரசுகளுக்கு முழுக் கூறுகளாகச் சமமாய்ப் பிரியாது. 1974 ஜனவரியில் சிறிமாவோவும் அன்றைய இந்தியப் பிரதமர் இந்திரா காந்தியும் எஞ்சிய இரு கூறுகளை ஆளுக்கொன்றாக, 75,000 வீதம், பகிர்ந்தார்கள். மொத்தக் கணக்கு 600,000க்கு 375,000, அதாவது எட்டுக்கு ஐந்து என்றானது.

கொடுமை விகிதத்தில்தான் இருந்தது. 1964இன் தொகைகளை உடன்படிக்கை குறித்த பதினைந்து ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 35,000 பேர் இந்தியாவுக்கு, 20,000 பேர் இலங்கைக்கு. ஏழுக்கு நான்கு மாறாது. 1967ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க நடைமுறைப்படுத்தல் சட்டம் இந்த விகிதத்தையே விதியாக்கியது. 1971இல் வந்த திருத்தம், ஏழு பேர் உண்மையாகவே நாட்டை விட்டுப் புறப்பட்டால்தான் நால்வருக்குப் பிரஜாவுரிமை என்று இறுக்கியது. முன்பின் அறியாத ஏழு பேர் தலைமன்னாரில் கப்பல் ஏறும் வரை, கேகாலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்து அங்கேயே பால் வெட்டிய தொழிலாளி காத்திருக்க வேண்டும். மனிதரின் உரிமையை இப்படி இன்னொருவர் பயணத்தோடு பிணைத்தது எந்தக் கணக்காலும் நியாயப்படாது.

மக்களின் விருப்பமும் விகிதத்துக்கு இணங்கவில்லை. இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவர்கள் மூன்று இலட்சத்தை வெகுவாகத் தாண்டினார்கள். இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்கள் ஐந்தேகால் இலட்சத்தை எட்டவில்லை. லயங்களில் குழந்தைகள் பிறந்துகொண்டிருந்தன. உடன்படிக்கைப்படி இந்த இயற்கைப் பெருக்கமும் அந்தந்தப் பங்கோடு சேர வேண்டும். தாளில் 975,000 அசையாமல் நின்றது, தோட்டத்தில் ஆட்தொகை வளர்ந்தது. பெற்றோர் ஒரு கரையிலும் மணமான பிள்ளைகள் மறுகரையிலுமாகப் பல குடும்பங்கள் பிரிந்தன.

சப்ரகமுவத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடப்பவை; அதனால் அங்கிருந்தவர்களுக்கு வாக்குப் பலமும் பாதுகாப்பும் குறைவு. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற ஏழு தொகுதிகளில் ஒன்றுகூட இங்கில்லை. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது பலர் லயங்களை விட்டு ஓடினார்கள்.

1984இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் நின்றது. போகாமல் எஞ்சியவர்களுக்காக 1988இலும் 2003இலும் நாடாளுமன்றம் சட்டங்கள் இயற்றியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை வழங்க எந்த விகிதத்தையும் நிபந்தனையாக்கவில்லை.